கரிபியக் கடற்கரை: படத்தைப் பார்த்துத் தீவைத் தேர்ந்தெடுக்கலாமா?

டிசம்பர் மாதத்தில் ரெடாங் தீவுக்கு அறை பதிவு செய்ய யாரும் முயல மாட்டார்கள். கிழக்குக் கரையில் அது பருவமழைக் காலம், கடல் கொந்தளிக்கும் என்பது நம் குடும்பங்களுக்குத் தெரியும். ஆனால், உலகின் மறுபக்கத்தில் உள்ள கரிபியக் கடலுக்குச் செல்லத் திட்டமிடும்போது பலர் பார்ப்பது படத்தை மட்டும்தான். வெள்ளை மணல், சாய்ந்த தென்னை, நீலக் கடல் என எல்லாத் தீவுகளும் ஒன்றுபோலவே தெரியும்.

உண்மையில் அவை ஒன்றுபோல் இல்லை. செல்லும் மாதம், தீவின் எந்தப் பக்கம், பயண வழி ஆகிய மூன்றையும் பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும். சிறு பிள்ளைகளும் தாத்தா பாட்டியும் உடன் வரும் பயணம் என்றால் இது இன்னும் முக்கியம். பல ஆண்டுச் சேமிப்பைச் செலவழித்துச் சென்று, கடலில் கால் நனைக்க முடியாமல் திரும்பும் நிலை வரக்கூடாது.

எந்த மாதம்?

கரிபிய வட்டாரத்தில் சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதிலும் ஆகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை ஆபத்து அதிகம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு, வானம் தெளிவு. நமது ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறைக்கு இது பொருந்தும். ஆனால் அமெரிக்கரும் ஐரோப்பியரும் குளிருக்குத் தப்பி அங்கே வரும் காலமும் அதுவே என்பதால் அறை வாடகை உச்சத்தில் இருக்கும். கிறிஸ்துமசுக்கு முந்திய வாரங்களில் விலை சற்றுக் குறைவாகக் கிடைக்கும்.

ஆண்டு நடுவில்தான் விடுமுறை எடுக்க முடியும் என்போர், வெனிசுவேலா கரைக்கு அருகிலுள்ள அருபா, பொனேர், குராசாவ் தீவுகளைப் பார்க்கலாம். சூறாவளிகள் வழக்கமாகச் செல்லும் பாதைக்குத் தெற்கே இவை உள்ளன. ஆனால் தெற்கே இருந்தால் மட்டும் போதும் என்று நினைத்துவிடக்கூடாது. தெற்கே உள்ள கிரனடாவை 2004இல் ஐவன் சூறாவளி சிதைத்தது. அந்நாட்டின் கரியாக்கூ தீவை 2024 ஜூலையில் பெரில் சூறாவளி தாக்கியது.

பயணக் காப்புறுதியை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். ஒரு புயலுக்குப் பெயர் சூட்டப்பட்ட பிறகு எடுக்கும் காப்புறுதி, பெரும்பாலும் அந்தப் புயலால் வரும் இழப்பை ஏற்காது.

தீவின் எந்தப் பக்கம்?

கரிபியத் தீவுகளில் ஆண்டு முழுவதும் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்தே வீசுகிறது. அதனால் அட்லாண்டிக் பெருங்கடலைப் பார்க்கும் கிழக்குக் கரையில் அலை பெரிது, இழுப்பும் பலம். மேற்குக் கரை பொதுவாக அமைதியாக இருக்கும். பார்படோஸ் தீவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் கிழக்கில் உள்ள பத்சீபாவில் அலைச்சறுக்கு வீரர்கள் விளையாடுவார்கள். மேற்குக் கரையிலோ பிள்ளைகள் இடுப்பளவு நீரில் நிற்கலாம். கிரனடாவின் கிராண்ட் ஆன்ஸ், ஜமைக்காவின் நெக்ரில், தொபேகோவின் பிஜன் பாயிண்ட் ஆகியவை மேற்கிலோ தென்மேற்கிலோ அமைந்த கடற்கரைகளே.

இன்னொரு தொல்லையும் உண்டு. சர்காசம் எனப்படும் பழுப்பு நிறக் கடற்பாசி 2011 முதல் பெருமளவில் கரை ஒதுங்கி வருகிறது. இளவேனில், கோடை மாதங்களில், கிழக்கையும் தெற்கையும் பார்த்த கரைகளில் இது அதிகம். குவிந்து அழுகினால் கூமுட்டை நாற்றம் வீசும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்த வாயு ஆகாது. அறை பதிவு செய்யும் முன், அந்த மாதத்தில் பாசி வருமா என்று விடுதியிடம் நேரடியாகக் கேட்பது நல்லது.

கடற்கரை மரங்களிலும் கவனம் தேவை. மான்சினீல் என்ற மரத்தின் காய் சிறிய பச்சை ஆப்பிள் போல இருக்கும். அது நஞ்சு. அதன் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். மழைக்கு அதன் அடியில் ஒதுங்குவதும் ஆபத்து. பல இடங்களில் இம்மரத்தில் சிவப்புப் பட்டை தீட்டியோ பலகை வைத்தோ எச்சரிப்பார்கள். கீழே கிடக்கும் காயைத் தொட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

எந்த வழி?

கோலாலம்பூரிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ கரிபியத்துக்கு நேரடி விமானம் இல்லை. அமெரிக்கா வழியாகச் சென்றால், விமானம் மாறுவதற்கு மட்டும் என்றாலும் மலேசியக் கடப்பிதழுக்கு அமெரிக்க விசா தேவை. சிங்கப்பூரர்கள் இணையத்தில் முன்கூட்டியே பயண அனுமதி பெற்றால் போதும். விசா இல்லாத குடும்பங்களுக்கு லண்டன், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் வழிகள் எளிது. பாரிஸில் இரண்டு பெரிய விமான நிலையங்கள் இருப்பதால், இறங்கும் நிலையமும் ஏறும் நிலையமும் ஒன்றுதானா என்று டிக்கெட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்ப் பெயர்கள் வாழும் தீவு

இவை அனைத்தையும் பார்த்த பிறகு, தமிழ்க் குடும்பங்கள் கருத்தில் கொள்ள வேண்டிய தீவு ஒன்று உண்டு. அது பிரான்சுக்குச் சொந்தமான குவாதலூப்.

வண்ணத்துப்பூச்சி வடிவிலான இத்தீவின் கிழக்குச் சிறகில் சாந்த் ஆன் கடற்கரை உள்ளது. பவளப்பாறை அலையைத் தடுப்பதால் நீர் ஆழமின்றி அமைதியாக இருக்கும். பாசி வரும் மாதங்களில் மேற்குச் சிறகின் வடமேற்கில் உள்ள தெஷே பக்கம் செல்வது மேல். செலவு யூரோவில், பேச்சு பிரெஞ்சிலும் கிரியோலிலும்.

பிரெஞ்சுக் காலனிகளில் 1848இல் அடிமை முறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் தமிழர்கள் கப்பலேற்றப்பட்டனர். அவ்ரேலி என்ற முதல் கப்பல் 1854 டிசம்பரில் குவாதலூப் வந்தது. 1889 வரை தமிழகத்திலிருந்தும் வட இந்தியாவிலிருந்தும் ஏறக்குறைய 42,000 பேர் கொண்டுவரப்பட்டனர். ஏறக்குறைய அதே காலத்தில்தான் மலாயாவின் கரும்பு, காப்பித் தோட்டங்களுக்கும் நம் முன்னோர் சஞ்சிக்கூலிகளாக வந்தனர்.

அங்கே வீட்டில் தமிழ் பேசும் வழக்கம் மறைந்துவிட்டது. ஆனால் சிதம்பரம், முத்துசாமி, ராமசாமி என்ற பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் குடும்பப் பெயர்களாக வாழ்கின்றன. மாரியம்மனை ‘மாலியேமேன்’ என்று வணங்குகிறார்கள். கப்பெஸ்தேர் ஊரின் சாங்ஜி பகுதியில் வண்ணச் சிலைகளுடன் கோயில் உள்ளது. உணவுக்கடையில் ‘கொலொம்போ’ என்று கேட்டால் மசாலாக் கறி வரும். குழம்பு என்ற சொல்லே அப்படி மாறியது என்பது பலரின் கருத்து.

அந்த ஊரைச் சேர்ந்த ஹென்றி சிதம்பரம், அங்கே பிறந்த இந்திய வம்சாவளியினருக்கும் வாக்குரிமை உண்டு என்று 1904 முதல் வழக்காடினார். 1923இல்தான் அவர்களின் பிரெஞ்சுக் குடியுரிமை உறுதியானது. சிவப்பு அடையாள அட்டையோடு அலைந்த குடும்பங்களை அறிந்தவர்களுக்கு அந்தப் 19 ஆண்டுகளின் அருமை புரியும்.

ஆண்டிறுதி விடுமுறையில் அங்கே செல்லும் குடும்பங்கள், அவ்ரேலி கரை சேர்ந்த அதே மாதத்தில் அந்தக் கடலில் இறங்குவார்கள். ஐந்து நாள் பிள்ளைகள் கடலில் விளையாடட்டும். ஒரு நாளைக் கப்பெஸ்தேருக்கு ஒதுக்கலாம்.