பூமிக்கு அடியில் வெடித்தால் யாருக்குத் தெரியும்?

அணுகுண்டு சோதனையை நிறுத்துகிறோம் என்று இரண்டு பகை நாடுகள் கையெழுத்துப் போடலாம். அதன்பிறகு ஒரு நாடு மலைக்கு அடியில் சுரங்கம் தோண்டி, ரகசியமாக ஒரு குண்டை வெடித்துப் பார்த்தால்? 1950-களின் இறுதியில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் பேசத் தொடங்கியபோது, இந்தக் கேள்வி முட்டுக்கட்டையாக நின்றது. ஒருவர் சொல்லை மற்றவர் நம்பத் தயாராக இல்லை. கடைசியில் விஞ்ஞானிகளைக் கூப்பிட்டார்கள்.

1958 ஜூலையில் ஜெனீவாவில் எட்டு நாடுகளின் நிபுணர்கள் கூடினார்கள். மேற்குத் தரப்புக்கு ஜேம்ஸ் ஃபிஸ்க், கிழக்குத் தரப்புக்கு யெவ்கெனி ஃபியோதரவ் தலைமை. ஏழு வார விவாதத்துக்குப் பிறகு இரு தரப்பும் ஒரே அறிக்கையை ஏற்றன. உலகெங்கும் சுமார் 180 கண்காணிப்பு நிலையங்கள் அமைத்தால், 5 கிலோடன் அளவுள்ள வெடிப்புகளைக்கூடக் கண்டுபிடிக்கலாம் என்றது அந்த அறிக்கை.

எப்படிக் கண்டுபிடிப்பது? நிலநடுக்கத்தின்போது பாறை ஒரு பிளவின் வழியே வழுக்கி நகர்கிறது. அதனால் நிலத்தைப் பக்கவாட்டில் குலுக்கும் அலைகள் வலுவாக எழும். குண்டு வெடித்தால் சுற்றிலுமுள்ள பாறையை எல்லாத் திசைகளிலும் ஒரே நேரத்தில் வெளியே தள்ளும். அப்போது கருவியை முதலில் வந்தடையும் அழுத்த அலை ஓங்கியிருக்கும். குலுக்கும் அலை ஒப்பீட்டளவில் மெலிந்திருக்கும். ஆழமும் ஒரு சாட்சி. பல பத்து கிலோமீட்டர் ஆழத்தில் பிறந்த அதிர்வு மனிதன் வைத்த குண்டாக இருக்க வழியில்லை. பெரிய வெடிப்புகளில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். சிறியவற்றில்தான் சிக்கல்.

அந்தச் சிக்கல் உடனே தலைதூக்கியது. அதே ஆண்டு அக்டோபரில் நெவாடாவில் நடந்த நிலத்தடிச் சோதனைகளின் பதிவுகளைப் பார்த்தபோது, அதிர்வுகள் எதிர்பார்த்ததைவிட பலவீனமாக இருந்தன. அமெரிக்கா இதை 1959 ஜனவரியில் பேச்சுவார்த்தையில் வைத்தது. ஒப்புக்கொண்ட முடிவிலிருந்து நழுவப் பார்க்கிறார்கள் என்று சோவியத் தரப்பு கொதித்தது. ராஜதந்திரத்துக்கு அது பெரிய அடி. ஆனால் பிந்தி வந்த தரவை மறைத்திருந்தால், அந்த அறிவியலை அதன்பிறகு எவரும் நம்பியிருக்க மாட்டார்கள். சங்கடமான உண்மையையும் மேசையில் வைத்தது சரியே என்பது என் உறுதியான எண்ணம்.

பிறகு நேரடி ஆய்வில் பேச்சு சிக்கியது. சந்தேகம் எழுந்தால் ஆண்டுக்கு எத்தனை முறை உள்ளே வந்து பார்க்கலாம்? சோவியத் ஒன்றியம் 3 என்றது. அமெரிக்கா 7-க்குக் கீழே இறங்கவில்லை. இந்த இடைவெளியை எந்தக் கருவியாலும் நிரப்ப முடியவில்லை. அது அரசியல் முடிவு. 1963 ஆகஸ்டில் மாஸ்கோவில் கையெழுத்தான ஒப்பந்தம் வளிமண்டலம், விண்வெளி, நீருக்கடி ஆகிய மூன்றிலும் சோதனைகளைத் தடை செய்தது. நிலத்தடியை விட்டுவிட்டது. அடுத்த முப்பது ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான குண்டுகள் பூமிக்குள் வெடித்தன.

ஆனாலும் அந்த வாக்குவாதத்தால் ஒரு பெரும் நன்மை விளைந்தது. வெடிப்பைக் கண்டறியும் ஆய்வுக்காக அமெரிக்கா ஒதுக்கிய பணத்தில், ஒரே மாதிரிக் கருவிகளுடன் 100-க்கும் மேற்பட்ட நில அதிர்வு நிலையங்கள் பல நாடுகளில் எழுந்தன. கொடைக்கானல் அவற்றில் ஒன்று. நிலநடுக்கங்கள் எங்கெங்கே வரிசைகட்டி நிகழ்கின்றன என்பதை அவை துல்லியமாகக் காட்டின. கண்டத் தட்டுகள் நகர்கின்றன என்ற கோட்பாடு 1960-களின் பிற்பகுதியில் வேரூன்ற அது பெரிதும் உதவியது.

அரசுகள் தயங்கியபோதும் விஞ்ஞானிகள் விடவில்லை. 1986-ல் ஓர் அமெரிக்கத் தன்னார்வ அமைப்பும் சோவியத் அறிவியல் கழகமும் தாங்களே உடன்பாடு செய்துகொண்டன. கஜகஸ்தானில், செமிபலாட்டின்ஸ்க் சோதனைத் தளத்தைச் சுற்றி அமெரிக்கக் கருவிகள் நிறுவப்பட்டன. சோவியத் மண்ணில் அந்நியர் கருவி வைக்கவே முடியாது என்ற நெடுநாள் வாதம் அங்கே உடைந்தது.

1996-ல் ஐ.நா. பொதுச்சபை முழுமையான சோதனைத் தடை ஒப்பந்தத்தை ஏற்றது. அதன் கண்காணிப்பு அமைப்பின் தலைமையகம் வியன்னா. நிலம், கடல், காற்று எல்லாவற்றையும் கவனிக்க 321 நிலையங்களும் 16 ஆய்வகங்களும் திட்டமிடப்பட்டன, பெரும்பாலானவை இயங்குகின்றன. 2006-ல் வடகொரியா நடத்திய முதல் சோதனை ஒரு கிலோடன்னுக்கும் குறைவாகவே மதிப்பிடப்பட்டது. அதையும் இருபதுக்கும் மேற்பட்ட நிலையங்கள் பதிவு செய்தன. இரண்டு வாரம் கழித்து, கனடாவின் யெல்லோநைஃபில் காற்றில் கதிரியக்க செனான் தென்பட்டது. 2004 சுனாமிக்குப் பிறகு, இதே தரவுகள் சுனாமி எச்சரிக்கை மையங்களுக்கும் போய்ச் சேருகின்றன. நாகப்பட்டினத்தையும் மட்டக்களப்பையும் நினைக்கும் எவருக்கும் இது சின்ன விஷயமாகத் தெரியாது.

இலங்கை 2023-ல் ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் அளித்தது. இந்தியாவும் பாகிஸ்தானும் வடகொரியாவும் கையெழுத்தே இடவில்லை. அமெரிக்கா, சீனா, இஸ்ரேல், ஈரான், எகிப்து கையெழுத்திட்டும் ஒப்புதல் தரவில்லை. ரஷ்யா தந்த ஒப்புதலை 2023-ல் திரும்பப் பெற்றது. இந்த ஒன்பது நாடுகளும் இணங்காமல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வராது. அதுவரை கருவிகள் வெடிப்பைப் பதிவு செய்யலாம். ஒப்பந்தம் வகுத்திருக்கும் நேரடி ஆய்வுக்காக ஒரு குழுவைக்கூட அனுப்ப முடியாது.