வெப்சைட் மாற்றமா? பழைய கணக்கை உடனே முடிக்காதீர்கள்



நமது மாவட்டத்தில் மளிகை, புளி மொத்த வியாபாரம் செய்வோரிலும் சிலர் இன்று கடைப் பெயரில் வெப்சைட்டும் மின்னஞ்சலும் வைத்து ஆர்டர் எடுக்கிறார்கள். கட்டணம் குறைவு என்று வேறு கம்பெனிக்கு மாறும்போதுதான் தொல்லை. பாலக்கோட்டில் நமக்குப் புதிய பக்கம் தெரிகிறது. சேலத்து வாடிக்கையாளருக்குப் பழைய பக்கமே வருகிறது. கேட்டால், "48 மணி நேரத்தில் பரவிவிடும்" என்பார்கள்.

உண்மையில் எதுவும் பரவுவதில்லை. டொமைன் பெயருக்கு உரிய எண் முகவரியைச் சொல்வது நேம் சர்வர். இன்டர்நெட் இணைப்பு தரும் நிறுவனங்கள் அதை ஒருமுறை கேட்டுக் குறித்துக்கொண்டு, அடுத்துக் கேட்போருக்கெல்லாம் குறிப்பைப் பார்த்தே சொல்கின்றன. காலையில் எழுதிய விலைப்பட்டியலை வைத்து மாலைவரை விலை சொல்வது மாதிரி. குறிப்பு எத்தனை நொடி செல்லும் என்பதே டி.டி.எல். 3,600 என்றால் ஒரு மணி நேரம். 86,400 என்றால் ஒரு நாள். '.காம்' பெயர் எந்த நேம் சர்வரில் உள்ளது என்ற குறிப்புக்கு 1,72,800 நொடி, அதாவது 48 மணி நேரம்.

பெரிய நிறுவனங்களும் இதற்குத் தப்பவில்லை. 2021 செப்டம்பர் 30 அன்று அமெரிக்காவின் ஸ்லாக் நிறுவனம் தன் டொமைனின் பாதுகாப்புப் பதிவை நீக்கியது. பழைய பதிவுக்கு 24 மணி நேர ஆயுள் இருந்ததால், ஒரு பகுதி வாடிக்கையாளர்களால் ஒரு நாள் வரை உள்ளே நுழைய முடியவில்லை. பழைய குறிப்பை அழிக்கும்படி இணைப்பு நிறுவனங்களை ஸ்லாக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. நம் கடைக்காக அப்படி யார் அழிப்பார்கள்?

ஆகவே, மாற்றுவதற்கு இரண்டு நாள் முன்பே டி.டி.எல்.லை 300 ஆக்கச் சொல்லுங்கள். மாற்றிய பிறகு குறைத்துப் பயனில்லை. வெளியே போன குறிப்பில் பழைய ஆயுளே இருக்கும். நேம் சர்வரையே மாற்றுவதானால் பழைய நேம் சர்வரிலும் புதிய எண்ணை எழுதி வைக்க வேண்டும். யார் எங்கே கேட்டாலும் ஒரே விடை கிடைக்கும். பலரும் மறப்பது மின்னஞ்சல் பதிவை. அதைப் புதிய இடத்தில் எழுதாவிட்டால் வெப்சைட் நன்றாகத் தெரியும், ஆர்டர் கடிதம் மட்டும் வராது. எழுதியிருந்தாலும் சில நாள் பழைய பெட்டியையும் திறந்து பாருங்கள்.

இரண்டு நாள் கழிந்தும் பழையதே வருகிறதா? கடை இணைப்பிலும் செல்போன் டேட்டாவிலும் தனித்தனியே பாருங்கள். ஒன்றில் மட்டும் பழையது என்றால் அந்த இணைப்பிலோ உங்கள் கம்ப்யூட்டரிலோ குறிப்பு தங்கியிருக்கிறது. கூகுளின் 8.8.8.8 என்ற சர்வரில் கேட்டாலும் பழையதே வந்தால், டொமைன் வாங்கிய கம்பெனியில் நேம் சர்வர் பெயரை எழுத்துப் பிழையின்றிப் பதிந்திருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய கம்பெனிக் கணக்கை ஒரு வாரம் கழித்து முடியுங்கள். தீபாவளி ஆர்டர் வரும் வாரத்தில் இந்த வேலையே வேண்டாம்.