வாசல் தேர்வில் தவறியவர்களைத் தேற்றுவது யார்?

ஸ்கேலின் மேல் ஒரு பொருளை வைத்து, இதன் நீளம் என்ன என்று கேட்கிறார்கள். பொருளின் முனை 0-வில் இருந்தால் நூற்றுக்கு 85 பேர் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். அதையே கொஞ்சம் தள்ளி, வேறொரு கோட்டில் தொடங்கும்படி வைத்தால் சரியாகச் சொல்கிறவர்கள் 39 பேர்தான். 14 முதல் 18 வயது வரையுள்ள கிராமப்புற இளைஞர்களிடம் 2023-ல் 26 மாநிலங்களின் 28 மாவட்டங்களில் எடுக்கப்பட்ட ‘அசர்’ என்ற கல்வி ஆய்வில் தெரியவந்தது இது. மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் பாதிக்கும் குறைவு. தங்கள் மாநில மொழியில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடங்கலின்றி வாசிக்க முடியாதவர்கள் நான்கில் ஒருவர்.

ஸ்கேல் கேள்வி ஏதோ பள்ளிக்கூடத்து விளையாட்டு என்று தோன்றலாம். பட்டறையில் நின்று பார்த்தால் அப்படித் தோன்றாது. பழைய ஸ்டீல் ரூலின் முனை தேய்ந்திருக்கும். கைதேர்ந்த ஃபிட்டர் அந்த முனையை நம்பமாட்டார். 10 மில்லிமீட்டர் கோட்டில் பிடித்து அளந்து, வந்த அளவிலிருந்து 10-ஐக் கழித்துக்கொள்வார். இதைப் புரிந்துகொள்ளாத பையன் கழிக்க மறந்து இரும்பை வெட்டினால் அந்தத் துண்டு வீண்.

நர்ஸ் வேலையிலும் இதே கதைதான். குழந்தைக்கு 125 மில்லிகிராம் மருந்து கொடுக்கச் சொல்லி டாக்டர் எழுதியிருக்கிறார். பாட்டிலின் மேல் 5 மில்லிலிட்டரில் 250 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. எத்தனை மில்லிலிட்டர் ஊற்ற வேண்டும்? இரண்டரை. பள்ளியில் படித்த விகிதக் கணக்குதான். ஆனால் படிப்பை விட்டுப் பதினைந்து வருடம் ஆன ஒரு பெண், தேர்வு அறையில் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பேனாவை மூடிவிடக்கூடும். அத்தோடு அவர் மனுவும் மூடப்பட்டுவிடும்.

வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்கள் ‘அடிப்படைத் திறன்’ என்று சொல்வது இவற்றைத்தான். எழுதியதைப் படித்துப் புரிந்துகொள்வது, அளப்பது, வகுப்பது, சதவீதம் போடுவது, நடந்ததை நாலு வரியில் எழுதிக் கொடுப்பது. வெல்டிங்கோ கணினியோ இதற்குப் பிறகு வருகிறது. தொழிலை மூன்று மாதத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம் என்று சொல்லும் நிறுவனங்கள்கூட, இந்த அடித்தளம் இல்லாதவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகின்றன. பள்ளி கற்றுக்கொடுத்திருக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 28 வயதில் வேலை தேடி நிற்பவர் மறுபடி ஐந்தாம் வகுப்பில் போய் உட்கார முடியாது. அப்படியானால் அவருக்குச் சொல்லித்தருவது யார்?

ஒரு ஊர் இதற்குப் பதில் கண்டுபிடித்தது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள சான் அன்டோனியோ.

ஆலை மூடிய பிறகு

1990 ஜனவரியில் லீவைஸ் நிறுவனம் அங்கிருந்த தன் தையல் ஆலையை மூடுவதாக அறிவித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போனது. பெரும்பாலும் மெக்ஸிக வம்சாவளிப் பெண்கள். உற்பத்தி, கூலி குறைந்த நாடுகளுக்குப் போய்விட்டது. அதே காலத்தில் அந்த ஊரின் மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் புதிய வேலைகள் பெருகிக்கொண்டிருந்தன. ஊருக்குள் வேலை இருந்தது, ஆட்களும் இருந்தார்கள். ஆனால் இருபது வருடம் உடை தைத்த ஒரு பெண்ணால் மருத்துவமனையின் தேர்வைத் தாண்ட முடியவில்லை.

காப்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் மக்கள் அமைப்பு அந்த ஊரில் 1974-லேயே தொடங்கப்பட்டிருந்தது. எர்னஸ்டோ கோர்டெஸ் என்பவர் தேவாலயப் பங்குகளை ஒன்றிணைத்துக் கட்டிய அமைப்பு. மழை பெய்தால் தெருவெல்லாம் வெள்ளக்காடாகும் மேற்குப் பகுதிக்கு வடிகால் கேட்டுத்தான் அவர்களுடைய போராட்டமே ஆரம்பித்தது. வடிகாலில் தொடங்கிப் பதினைந்து வருடம் அதிகாரிகளோடு மல்லுக்கட்டிப் பழகிய அந்தத் தாய்மார்களே, ஆலை மூடப்பட்ட பிறகு வேலைப் பயிற்சியைக் கையில் எடுத்தார்கள். ‘மெட்ரோ அலையன்ஸ்’ என்ற இன்னொரு அமைப்பும் சேர்ந்துகொண்டது. 1992-ல் ‘புராஜெக்ட் க்வெஸ்ட்’ உருவானது.

அவர்கள் செய்த முதல் வேலையைக் கவனிக்க வேண்டும். வகுப்பு தொடங்கும் முன்னரே நிறுவனங்களிடம் போனார்கள். உள்ளூர் வங்கியாளர் டாம் ஃப்ராஸ்ட் மற்ற முதலாளிகளையும் பேச்சுவார்த்தைக்கு அழைத்து வந்தார். எந்த வேலைக்கு எத்தனை பேர் தேவை, சம்பளம் எவ்வளவு, அதற்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு நிறுவனத்திடமும் கேட்டார்கள். பயிற்சி முடிப்பவர்களுக்காக சுமார் 650 இடங்களுக்கு வாக்குறுதி வாங்கினார்கள். அதன் பிறகுதான் ஆளுநர் ஆன் ரிச்சர்ட்ஸிடமும் நகரசபையிடமும் பணம் கேட்டார்கள். குடும்பம் நடத்தப் போதாத சம்பளமுள்ள வேலைக்குப் பயிற்சி தருவதில்லை என்பதில் உறுதியாக இருந்தார்கள். ஒரு தொழிலில் ஆள் தேவை குறைந்தால் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டார்கள்.

நம் ஊரில் பல பயிற்சித் திட்டங்கள் நேர் எதிர்த் திசையில் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். முதலில் வகுப்பு, பிறகு சான்றிதழ், கடைசியில் வேலைவாய்ப்பு முகாம். முகாமில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் நிறுவனத்துக்கு அந்த வகுப்பில் என்ன சொல்லித்தந்தார்கள் என்றே தெரிந்திருக்காது. சான்றிதழைக் கோப்பில் வைத்து எடுத்து வந்த பெண், அதே கோப்போடு பஸ் ஏறிப் போவதைப் பார்க்கும்போது வயிறு எரியும்.

வகுப்பறைக்கு வெளியே

சான் அன்டோனியோவில் ஆட்களைத் தேர்ந்தெடுத்ததும் அந்த மக்கள் அமைப்புதான். தேவாலயக் கூடங்களில் உட்கார்ந்து, அக்கம்பக்கத்துக்காரர்களே விண்ணப்பதாரர்களிடம் பேசினார்கள். வீட்டில் யார் இருக்கிறார்கள், பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள், கணவர் சம்மதிப்பாரா என்று ஒரு ஹெச்.ஆர். அதிகாரி கேட்க முடியாததையெல்லாம் அவர்களால் கேட்க முடிந்தது. உள்ளே வந்தவர் பாதியில் நின்றுவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவரை நேருக்கு நேர் பார்க்க வேண்டுமே! அந்த உறவு இரு பக்கத்தையும் கட்டிப்போட்டது.

பாடம் நடத்த அவர்கள் புதிதாகக் கட்டடம் எதுவும் கட்டவில்லை. ஊரில் இருந்த சமுதாயக் கல்லூரிகளுக்கே அனுப்பினார்கள். கல்லூரி நுழைவுத் தேர்வில் வாசிப்பிலோ கணக்கிலோ பின்தங்கியவர்களுக்கு முதலில் சில மாதம் அடிப்படை வகுப்பு. ஒரு வேலை போல தினமும் வர வேண்டும். தேறிய பிறகு நர்ஸிங், மருத்துவப் பதிவேடு, அறுவை சிகிச்சை உதவியாளர் என்று படிப்பு. கட்டணம், புத்தகம், பஸ் பாஸ், சீருடை, உரிமத் தேர்வுக்கான பணம் வரை திட்டமே பார்த்துக்கொண்டது. இதற்கு மேல் வாரம் ஒருமுறை ஆலோசகருடன் கூட்டம். அதற்கு வந்தே ஆக வேண்டும். எப்படிப் படிப்பது, தேர்வு பயத்தை எப்படிச் சமாளிப்பது, நேரத்தை எப்படிப் பங்கிடுவது என்பதெல்லாம் அங்கே பேசப்பட்டன.

இந்தத் துறையில் இருக்கிற யாரைக் கேட்டாலும் ஒன்றைச் சொல்வார்கள். ஆட்கள் நின்றுபோவது பெரும்பாலும் வகுப்பறைக்கு வெளியே நடக்கும் காரணங்களால். குழந்தைக்குக் காய்ச்சல், ஸ்கூட்டர் பழுது, மாமியாரின் ஆபரேஷன், வீட்டு வாடகை பாக்கி. பின்னம் சொல்லித்தர ஒரு நல்ல ஆசிரியர் போதும். இவற்றைத் தாண்டவைக்க ஊர் வேண்டும். க்வெஸ்ட் திட்டத்தில் ஒருவருக்கு 10,000 டாலருக்கு மேல் செலவானதற்கு இதுதான் காரணம்.

செலவுக்குப் பலன் உண்டா என்றால், அதற்கு அரிதான சாட்சியம் இருக்கிறது. 2006-க்கும் 2008-க்கும் இடையே விண்ணப்பித்த சுமார் 400 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குத் திட்டம் கிடைத்தது, மற்றதற்குக் கிடைக்கவில்லை. பிறகு பல ஆண்டுகள் இரு பிரிவினரின் வருமானத்தையும் தொடர்ந்து பார்த்தார்கள். ஆரம்பத்தில் திட்டத்தில் சேர்ந்தவர்கள் சம்பாதித்தது குறைவு. படித்துக்கொண்டிருந்தார்கள் அல்லவா! மூன்றாம் ஆண்டிலிருந்து முந்தத் தொடங்கினார்கள். ஆறாம் ஆண்டில் வருடத்துக்கு 5,000 டாலர் அளவுக்கு அதிகம் சம்பாதித்தார்கள். ஒன்பதாம் ஆண்டிலும் அந்த இடைவெளி மூடவில்லை. வேலைப் பயிற்சித் திட்டங்களின் பலன் இரண்டு மூன்று வருடத்தில் கரைந்துபோவதைப் பார்த்துச் சலித்த ஆய்வாளர்களுக்கு இது வியப்பாக இருந்தது.

என்னை அதிகம் அசைத்தது அந்த ஆரம்பக் காலம்தான். வருமானம் குறையும் அந்தக் காலத்தில் ஒருவரை யார் தாங்குகிறார்கள்? ஆறு மாதத்தில் கணக்கு கேட்கும் எந்தத் திட்டமும் இதைத் தோல்வி என்று எழுதி மூடியிருக்கும்.

2020 நவம்பரில் அந்த ஊர் மக்கள் வாக்குச்சீட்டில் ஒரு முடிவெடுத்தார்கள். கொரோனாவில் வேலை இழந்தவர்களின் பயிற்சிக்காக விற்பனை வரியில் ஒரு சென்டில் எட்டில் ஒரு பங்கை ஒதுக்கலாமா என்பது கேள்வி. நான்கில் மூன்று பேருக்கு மேல் சரி என்று வாக்களித்தார்கள்.

வாஷிங்டன் மாநிலத்தில் 2004-ல் தொடங்கிய இன்னொரு முறையையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரே வகுப்பில் இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் வெல்டிங்கோ நர்ஸிங்கோ சொல்லித்தருவார். அடுத்தவர் அந்தப் பாடத்துக்குள்ளேயே கணக்கையும் வாசிப்பையும் சொல்லித்தருவார். முதலில் கணக்கைத் தேறிவிட்டு வா, பிறகு தொழில் பார்க்கலாம் என்று காக்கவைத்தால் பாதிப் பேர் திரும்பி வருவதில்லை என்ற அனுபவத்தில் பிறந்த யோசனை இது. மருந்து பாட்டில் கையில் இருக்கும்போது விகிதம் சட்டென்று புரிகிறது.

நம்மிடம் இருப்பதும் இல்லாததும்

இந்த யோசனை தமிழ்நாட்டுக்கு அந்நியமானது இல்லை. 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, தன்னார்வலர்கள் கல்குவாரிப் பெண்களிடம் போனார்கள். மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு பெண்கள் சைக்கிள் ஓட்டவும் வழிசெய்தார். குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்கு விட்டது மாவட்ட நிர்வாகம். எத்தனை லோடு போனது, எவ்வளவு பணம் வர வேண்டும் என்று கணக்குப் பார்க்க வேண்டிய தேவை வந்த பிறகு, எழுத்தும் எண்ணும் அவர்கள் பிழைப்போடு ஒட்டிக்கொண்டன. ஊர் முன்னே நின்றதாலும், பாடமும் பிழைப்பும் ஒரே கயிற்றில் கோக்கப்பட்டதாலும்தான் அது நடந்தது.

இன்று நம்மிடம் சட்டமும் திட்டமும் நிறையவே இருக்கின்றன. 1961-ம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தாக வேண்டும். அவர்களின் உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு 2016-ல் கொண்டுவந்த திட்டத்தின் கீழ் ஏற்கிறது. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் கல்லூரி மாணவர்களையும் நிறுவனங்களையும் ஒரே இடத்தில் சந்திக்க வைக்கிறது. ஐ.டி.ஐ. பாடத்திட்டத்தில் பட்டறைக் கணக்கும் உண்டு.

இல்லாதது, இவற்றுக்கு முந்தைய படி. அப்ரண்டிஸாகச் சேரும் தேர்விலேயே விழுந்துவிடுகிறவருக்கு ஒரு வகுப்பு வேண்டும், அந்த வகுப்புக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். உதவித்தொகை உள்ளே வந்தவருக்கு. வெளியே நிற்பவருக்கு ‘அடுத்த தடவை பார்க்கலாம்’ என்ற ஒரு வாக்கியம்தான். எந்தக் கேள்வியில் தவறினார் என்றுகூட யாரும் சொல்வதில்லை.

பெரிய செலவில்லாமல் ஆரம்பிக்க வழி இருக்கிறது. கம்பெனி அதிகாரி ஐ.டி.ஐ.க்கு வருவது வழக்கமாகப் படிப்பு முடியும் தறுவாயில். அதே அதிகாரி, சேர்க்கை முடிந்த கையோடு ஒரு தடவை வரலாம். போன வருடத்து வினாத்தாளின் நகல்களையும், தங்கள் லைனில் நிராகரிக்கப்பட்ட நாலு உதிரிப் பாகங்களையும் கொண்டு வந்து மேசையில் வைக்கலாம். இது ஏன் வீணானது தெரியுமா என்று கேட்டால் பட்டறைக் கணக்கு ஆசிரியருக்கு அந்த வருடம் முழுவதற்கும் பாடம் கிடைத்துவிடும். தேர்வில் போன முறை தவறியவர்களின் பட்டியலை, அவர்கள் சம்மதத்தோடு, அந்த ஊர் மகளிர் குழுவிடமோ நூலகத்திடமோ கொடுக்கலாம். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் இல்லாத ஊர் தமிழ்நாட்டில் எது? வாரம் மூன்று மாலை, நூலகத்துப் பின்னறையில், ஒரு ஸ்டீல் ரூலும் ஒரு வெர்னியரும் வைத்துக்கொண்டு அவர் ஆரம்பித்துவிடுவார். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களுக்காக ஏழரை மணிக்கு வைக்க வேண்டும், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரும் பெண்களுக்குப் பாய் போட்டு இடம் வேண்டும். நிறுவனம் செய்ய வேண்டியது, வகுப்பில் சேர்ந்தவருக்கு மறுதேர்வு தேதியை முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது. அந்தத் தேதி கையில் இருந்தால்தான் மூன்றாவது வாரமும் அவர்கள் வருவார்கள்.