மண்ணுளிக்கு வந்த விலை

திருப்புல்லாணியிலிருந்து சேதுக்கரைக்குப் போகும் வழியெங்கும் பனை, சீமைக்கருவேலம், மணல். இப்படிப்பட்ட வறண்ட, இளகிய மண்தான் மண்ணுளிப் பாம்புக்கு ஏற்றது. பகலில் மணலுக்குள்ளோ எலி வளையிலோ கிடக்கும். இருட்டிய பிறகு இரை தேடும். நஞ்சு துளியும் இல்லை. எலியைச் சுற்றி இறுக்கியே கொல்லும். முட்டையிடாது, குட்டி போடும்.

மழுங்கிய வால் தலையைப் போலவே இருப்பதால் 'இருதலை மணியன்' என்று பெயர். இருப்பது ஒரு தலைதான். மிரண்டால் அந்தத் தலையை உடம்புக்கடியில் ஒளித்துக்கொண்டு வாலைத் தூக்கிக் காட்டும். விழுகிற அடி வாலோடு போகட்டும் என்கிற தற்காப்பு அது. பாம்பாட்டிகள் சிலர் அந்த வாலில் வாயும் கண்ணும் போலக் கீறி, இரண்டு தலை என்று காட்டிப் பிழைத்ததும் உண்டு.

1801-இல் இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் பேட்ரிக் ரஸ்ஸல். தரங்கம்பாடியில் பணியாற்றிய மதபோதகர் கிறிஸ்தோஃப் ஜான் நினைவாகத்தான் 'எரிக்ஸ் ஜானி' என்ற அறிவியல் பெயர்.

மண்ணுளி நக்கினால் குஷ்டம் வரும் என்று நம் ஊர்களில் சொல்வார்கள். குஷ்டம் பாக்டீரியாவால் வருவது. பாம்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இன்று அதைவிடக் கொடிய பொய் ஒன்று உலவுகிறது: வீட்டில் வைத்தால் செல்வம் கொட்டும், மருந்துக்கு ஆகும், எடை கூடக்கூட விலை கோடிக்குப் போகும். மெதுவாக நகர்கிற, எளிதில் கடிக்காத பாம்பு என்பதால் யாரும் சாக்கில் போட்டுவிட முடிகிறது. அதன் சாதுத்தனமே அதற்கு எமன். 2016 முதல் 2021 வரை இந்தியாவில் செய்தியான மண்ணுளிப் பறிமுதல்கள் மட்டும் 172 என்கிறது வனவுயிர்ப் பாதுகாப்பு அமைப்பான டபிள்யூ.சி.எஸ்-இந்தியாவின் அறிக்கை. பிடிபடாதவை எத்தனையோ!

வெளிநாட்டில் ஆசைக்கு வளர்க்கிறார்களே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அங்கே பரவலாக வளர்ப்பது இதன் உறவான கென்ய மண்ணுளியை. கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாகப் பெருக்கப்பட்டது அது. இங்கே விற்பனைக்கு வருவதோ காட்டிலும் மேட்டிலும் தோண்டி எடுத்தது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் குற்றம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மண்ணுளியில் திட்டுத்திட்டாகப் புள்ளி போட்ட வகை ஒன்று உண்டு. பார்வைக்குக் கண்ணாடி விரியனைப் போலவே இருக்கும். மண்ணுளி என்று நினைத்து விரியனில் கை வைத்தால் உயிர் போய்விடும். எனவே எதையும் தொட வேண்டாம். வயலில் கண்டால் விலகிப் போங்கள், எலிகளை அது பார்த்துக்கொள்ளும். வீட்டுக்குள் வந்துவிட்டால் வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லுங்கள். ஆள் வரும்வரை குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.