ஆறு வயதுப் பிள்ளைக்குக் கைவிலங்கு

2016 செப்டெம்பரில் ஒன்ராறியோவின் மிசிசாகாவிலுள்ள ஒரு பாடசாலைக்கு இரண்டு பொலிஸார் வந்தார்கள். அங்கே குழப்படி செய்ததாகச் சொல்லப்பட்டவள் ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி. அவளுடைய எடை 48 இறாத்தல். அவளைக் குப்புறக் கிடத்தி, கையிலும் காலிலும் விலங்கிட்டு 28 நிமிடம் வைத்திருந்தார்கள். அவள் கறுப்பினத்தவள் என்பதும் அதற்கு ஒரு காரணம் என்று 2020இல் ஒன்ராறியோ மனித உரிமைகள் தீர்ப்பாயம் முடிவுசெய்தது.

அதற்கு முந்திய ஆண்டுதான் ரொறன்ரோவில் அன்ட்ரூ லோக்கு சுட்டுக் கொல்லப்பட்டார். தென் சூடானிலிருந்து அகதியாக வந்தவர். ஐந்து பிள்ளைகளின் தகப்பன். மனநலப் பாதிப்புள்ளவர்கள் வாழும் குடியிருப்பில் இருந்தவர். கையில் சுத்தியல் வைத்திருந்தார். பொலிஸார் அவரை எதிர்கொண்டு சுடுவதற்கு அரை நிமிடம்கூட எடுக்கவில்லை.

நிறத்தின் மீதான வெறுப்போடு இயலாமையின் மீதான இளக்காரமும் ஓர் உடம்பில் சேர்ந்து விழும்போது ஆபத்து இன்னும் கூடுகிறது. ஓட்டிசம் உள்ள பிள்ளை இரைச்சல் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு கதிரையைத் தள்ளிவிடுகிறது என்று வையுங்கள். வெள்ளைப் பிள்ளை என்றால் அதற்கு என்ன கஷ்டம் என்று விசாரிப்பார்கள். கறுப்பினப் பிள்ளையை முரட்டுப் பிள்ளை என்று எழுதிவைப்பதே அதிகம். ரொறன்ரோ கல்விச் சபைப் பாடசாலைகளில் உயர்நிலைப் பாடசாலைக் கல்வியை முடிப்பதற்குள் ஒரு தடவையாவது இடைநிறுத்தப்பட்டவர்கள் கறுப்பின மாணவரில் 42 சதவீதம், வெள்ளை மாணவரில் 18 சதவீதம் என்று யோர்க் பல்கலைக்கழக ஆய்வறிக்கை ஒன்று 2017இல் சொன்னது. இடைநிறுத்தப்பட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு உதவி தேவையா என்று பரிசோதித்துப் பார்க்காமலே விட்டுவிடலாம்.

சட்டம் பெற்றோர் பக்கம்தான் இருக்கிறது, ஆனால் தெரிந்தவர்கள் குறைவு. பிள்ளையின் விசேட கல்வித் தேவையை ஐ.பி.ஆர்.சி. எனும் குழு ஆராயவேண்டும் என்று பெற்றோர் எழுத்தில் கேட்டால் அதிபர் மறுக்க முடியாது. வாயால் கேட்டது நிற்காது, மின்னஞ்சலாவது அனுப்புங்கள். இடைநிறுத்தத்தை எதிர்த்து மேன்முறையீடு செய்ய, அது தொடங்கியதிலிருந்து 10 பாடசாலை நாட்கள் உண்டு. தன் நடத்தையைக் கட்டுப்படுத்த இயலாத பிள்ளையா என்பதையும் அதிபர் கணக்கில் எடுத்தே ஆகவேண்டும்.

மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. இனம், இயலாமை இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் காரணமாகக் காட்டலாம். மனித உரிமைச் சட்ட உதவி மையம் இலவசமாக ஆலோசனை தரும். முறையிட்டதற்காகப் பழிவாங்குவதும் சட்டவிரோதம். சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்கவேண்டும் என்பதுதான் கண்டிப்பு. பயத்திலும் அலைச்சலிலும் அந்த வருடம் ஓடிவிடும். ஆகவே நடந்த அன்றே திகதி, பேர், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் குறித்துவையுங்கள்.

லோக்குவுக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேராமலிருக்க இதையும் தெரிந்துவையுங்கள்: ரொறன்ரோவில் 16 வயதோ அதற்கு மேலோ உள்ள ஒருவர் மனநல நெருக்கடியில் இருந்தால் 211ஐ அழைக்கலாம். பொலிஸ் இல்லாமல் பயிற்சி பெற்ற பணியாளர்கள் வருவார்கள். உயிராபத்து என்றால் 911.

இவற்றை அலுவலக மண்டபத்தில் ஒரு மணிநேர விரிவுரையாகச் சொன்னால் போய்ச் சேராது. இயலாமையோடு வாழும் கறுப்பினத்தவர்களும் அவர்களுடைய தாய்தகப்பனும் சம்பளம் பெற்றுப் பேசவேண்டும். சக்கர நாற்காலி நுழையும் வாசலும் சைகைமொழி பெயர்ப்பாளரும் அவர்கள் பேசும் இடத்தில் இருக்கவேண்டும். ஸ்காபரோவில் நம் தமிழ்ப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில்தான் இருக்கிறார்கள். கறுப்பினப் பிள்ளைகளோடு சேராதே என்று வீட்டில் சொல்கிறவர்களும், இயலாத பிள்ளையை விருந்தாளிகளுக்குக் காட்டாமல் அறைக்குள் வைத்திருக்கிறவர்களும் நம்மிடம் உண்டு. அதனால் இந்தக் கல்வி நமது சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகளுக்கும் கோவில் மண்டபங்களுக்கும் வரவேண்டும்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அதிபரிடம் கேளுங்கள்: இந்தப் பாடசாலையில் பொலிஸை அழைப்பது என்று முடிவெடுப்பது யார், அதற்கு முதல் பெற்றோருக்கு அறிவிப்பார்களா? பதிலை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.