அம்மா ஓட்டு யாருக்கு?

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் எங்கள் செட்டுக்கு ஒரு விளையாட்டு உண்டு. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரைப் பார்த்து 'சூரியனா, இலையா?' என்று பந்தயம் கட்டுவது. கரை வேட்டி கட்டியவர்கள் ஆட்டத்தில் சேர்த்தி இல்லை. கறுப்பு சிவப்பு என்றால் தி.மு.க.; நடுவில் வெள்ளை எட்டிப் பார்த்தால் அ.தி.மு.க. அதில் என்ன த்ரில்? விடையை யாரிடம் போய்க் கேட்பது என்கிறீர்களா? எவன் சத்தமாகப் பேசுகிறானோ அவன்தான் ஜெயித்தவன்!

பி.காம். படித்த நான் இதற்கு ஒரு லெட்ஜரே வைத்திருந்தேன். அரசு ஊழியர், வாத்தியார், சிறுபான்மையினர், டவுன்வாசி... சூரியன். பெண்கள், கிராமத்து ஏழைகள், பூஜை ரூமில் எம்.ஜி.ஆர். படம் மாட்டியவர்கள்... இலை. (சாதிக் கணக்கும் உண்டு. அதைச் சத்தமாகச் சொன்னால் டீ கிளாஸ் பறக்கும்!)

இது வெறும் அளப்பு இல்லை சார். ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு போட்டார். பிள்ளை வயிறு நிறைந்ததை எந்தத் தாய் மறப்பாள்? 2003-ல் ஸ்டிரைக் செய்த அரசு ஊழியர்கள் சுமார் 1,70,000 பேரை ஜெயலலிதா அரசு ஒரே வீச்சில் டிஸ்மிஸ் செய்தது. பெரும்பாலோரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டும் கோபம் ஆறவில்லை. 2004 பாராளுமன்றத் தேர்தலில் அ.தி.மு.க.வுக்கு ஒரு சீட் கூடக் கிடைக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி. அப்பா ரிட்டயர்டு அரசு கிளார்க். எலெக்ஷன் டியூட்டி பார்த்து, தபால் ஓட்டுப் போட்டவர். எண்ணுகிற அன்று தபால் ஓட்டுதான் முதலில். அப்பா டி.வி. முன்னால் சிரிப்பார். மெஷினைத் திறந்ததும், "இனி உங்கம்மா முறைடா" என்பார். அம்மாவின் முதல் ஓட்டு 1984-ல். எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் இருந்த நேரம். அழுதுகொண்டே போட்ட ஓட்டு.

2021-ல்தான் லெட்ஜர் உதைத்தது. தமிழ்நாட்டு வாக்காளர் பட்டியலில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். ஆனால் எங்கள் மாவட்டத்தின் ஆறு தொகுதியில் ஐந்து, தி.மு.க. கூட்டணிக்கு! விராலிமலை மட்டும் இலைக்கு. 1991-ல் வந்த ஜெயலலிதா மந்திரிசபையில் இருந்த ரகுபதியே, 2021-ல் தி.மு.க. ஆட்சியில் சட்ட அமைச்சர். தலைவர்களே மாறும்போது, தாய்க்குலம் மாறக் கூடாதா?

ராத்திரி சாப்பாட்டில் கேட்டேவிட்டேன். "இந்தத் தடவை யாருக்கும்மா போட்டே?"

அப்பா முந்திக்கொண்டார். "இதென்னடா கேள்வி? இலைதான்."

அம்மா ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "84-ல போட்டது நெசம். அதுக்கப்புறம் நீங்க ரெண்டு பேரும் ஒரு தடவையாவது என்னைக் கேட்டீங்களா? நீங்களாத்தானே முடிவு பண்ணிக்கிட்டீங்க!"

அப்பாவின் கை இலையிலேயே நின்றது. சாப்பாட்டு இலை சார்!

"அப்போ சூரியனாம்மா?" என்றேன்.

"அறிவொளி இயக்கத்துல சைக்கிள் கத்துக்கிட்டவ தம்பி நான். ஹேண்டில்பாரை எந்தப் பக்கம் திருப்பணும்னு எனக்குத் தெரியாதா?"

1990-களின் ஆரம்பத்தில் எங்கள் மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்களே, அது கடைக்குப் போய் வர மட்டும் இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

மறுநாள் டீக்கடை. பூக்கூடையோடு ஒரு அம்மா போனார். "சூரியனா, இலையா?" என்றான் நண்பன். "தெரியாதுடா" என்று சொல்லி, எல்லார் டீக்கும் காசை வைத்தேன்.

கணக்கு டேலி ஆகாவிட்டால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போடு என்று காலேஜில் சொல்லிக் கொடுத்தார்கள். அம்மாவின் ஓட்டை அங்கேதான் போட்டிருக்கிறேன்.