‘ர’ ஏன் வழுக்குகிறது?

‘ம’ சொல்ல உதட்டை மூடினால் போதும். பால் குடிக்கும் பிள்ளைக்கும் வந்துவிடும். ‘ர’ அப்படியல்ல. ‘ராஜா’வை ‘லாஜா’ என்றும், ‘மரம்’ என்பதை ‘மயம்’ என்றும் சொல்லும் மழலைகளுக்கு, மற்ற எழுத்துகள் பெரும்பாலும் திருந்திய பிறகே இது வசப்படுகிறது.

‘மரம்’ என்று சொல்லிப் பாருங்கள். நாக்கு நுனி, மேல் பல்வரிசைக்குப் பின்னாலிருக்கும் மேட்டை ஒருமுறை தட்டிவிட்டு இறங்கிவிடும். ‘ர்ர்ர்’ என்று இழுத்தால் நடப்பதே வேறு. நுனி அந்த மேட்டருகே தளர்வாக நிற்கிறது. உள்ளிருந்து வரும் காற்று அதைத் தள்ளித் திறக்கிறது. இடுக்கில் காற்று விரைந்தோடும்போது அழுத்தம் குறைய, நுனி திரும்ப ஒட்டிக்கொள்கிறது. நொடிக்குச் சுமார் 25 முதல் 30 தடவை இப்படி நடக்கும். ஆட்டுவது தசையல்ல, காற்று. நாக்கை இறுக்கினால் ஆடாது. மிகவும் தளர்த்தினால் வெறும் காற்றுதான் வரும்.

மொழிக்கு மொழி ‘ர’ ஒலிக்கும் விதமும் மாறுகிறது. பாரிஸ்காரர்கள் அடிநாக்கை உள்நாக்கருகே கொண்டுபோய் உரசுகிறார்கள். அமெரிக்கர்களின் நாக்கு நுனி எதையும் தொடுவதில்லை. சிலர் நுனியை உயர்த்துவார்கள், சிலர் நடுநாக்கைத் திரட்டுவார்கள், கேட்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். நம்மிடம் ‘ர’வும் ‘ற’வும் எழுத்தில் தனித்தனி, தமிழ்நாட்டின் பெரும்பகுதிப் பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. குமரி மாவட்டத்தில் இன்றும் பிரித்துச் சொல்வார்கள். மற்ற ஊர்ப் பிள்ளைகள் ‘கரி’, ‘கறி’ எழுதத் தடுமாறுவது இதனால்தான்.

‘ர’வுக்கு அந்தஸ்தும் உண்டு. 1962இல் மொழியியலாளர் வில்லியம் லபோவ் நியூயார்க்கின் மூன்று கடைகளுக்குப் போய், நாலாம் மாடியில் இருக்கும் ஒரு பொருளை எங்கே வாங்கலாம் என்று விசாரித்தார். ‘ஃபோர்த் ஃப்ளோர்’ என்ற பதிலில் ‘ர்’ ஒலிக்கிறதா என்பதுதான் அவர் கவனம். அவற்றில் பணக்காரர்கள் போகும் சாக்ஸ் கடையில் நூற்றுக்கு 62 ஊழியர்கள் ஓரளவேனும் ஒலித்தார்கள். மலிவு விலைக் கிளைன் கடையில் 20 பேர்தான். முன்பு ‘ர்’ரை விழுங்குவதே நியூயார்க்கில் மேட்டிமையாக இருந்தது. இரண்டாம் உலகப் போரை ஒட்டி அந்த மதிப்பு தலைகீழானது.

‘ர’ இவ்வளவு நுணுக்கமான ஒலி என்பதால், நாலு வயதுப் பிள்ளைக்கு ‘ர’ வரவில்லையென்று பதற வேண்டாம். வசம்பு தேய்ப்பதால் வந்துவிடவும் செய்யாது. பள்ளி வயதிலும் நீடித்தால் காது நன்றாகக் கேட்கிறதா என்று பார்த்துவிட்டு, பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். நாக்கை எங்கே வைப்பது, எவ்வளவு தளர்த்துவது என்று பழக்கிவிடுவார்.